அத்தியாயம் 9: சமையலறை டிராயர் சத்தம்

சத்தம் போடும் டிராயரை முதலில் காலி செய்யுங்கள். கரண்டி, டம்ளர், தட்டு எல்லாவற்றையும் மேடைமேல் எடுத்து வைத்துவிட்டு, வெறும் டிராயரை மெதுவாக இழுத்து மெதுவாகத் தள்ளுங்கள். பிறகு ஒருமுறை வழக்கமான வேகத்தில் தள்ளிப் பாருங்கள். ‘டிராயர் போடுகிற சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்க முடியவில்லை’ என்கிற புகார்களில் பல இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். காலியான டிராயர் வாயே திறக்காது. சத்தம் போட்டதெல்லாம் உள்ளே இருந்த பாத்திரம்.

காலி டிராயரிலும் சத்தம் வந்தால், எந்தச் சத்தம் என்று காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்று அரைபட்டால் சேனலில் அழுக்கு அல்லது துரு. கிறீச்சென்றால் எங்கோ மரம் மரத்தோடு உரசுகிறது, அல்லது கிரீஸ் காய்ந்துபோன இரும்பு இரும்போடு உரசுகிறது. கடகடவென்று ஆடினால் திருகு தளர்ந்திருக்கிறது. எல்லாம் ஒழுங்காக வந்து கடைசியில் டமாரென்று முடிந்தால், முகப்புப் பலகை கப்போர்டின் விளிம்பில் மோதுகிறது. ஒரே டிராயரில் இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். ஹார்டுவேர் கடையில் போய் ‘சத்தம் வருது’ என்று பொதுவாகச் சொன்னால் சாஃப்ட் குளோஸ் சேனலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது கடைசியாகச் சொன்ன டமார் சத்தத்துக்கு மட்டுமான மருந்து. அதனால் இந்த அத்தியாயத்திலும் அது பின்னால்தான் வரும்.

பாத்திரச் சத்தம்

நம் சமையலறைகளில் பீங்கானும் கண்ணாடியும் கொஞ்சம்தான், எவர்சில்வர்தான் அதிகம். மெல்லிய எவர்சில்வர் டம்ளரை விரலால் சுண்டிப் பாருங்கள், கணீரென்று எழுந்த ஒலி அடங்க நேரமாகும். இப்படிப்பட்ட டம்ளர்கள் ஒரு டசன் அடுக்கிய டிராயர் சட்டென்று நின்றால், டம்ளர்கள் மட்டும் நிற்காமல் முன்னே போய் ஒன்றையொன்று முட்டும். பாத்திரம் நகரக்கூடாது, நகர்ந்து முட்டினாலும் உலோகம் உலோகத்தைத் தொடக்கூடாது. இந்த இரண்டைச் செய்தால் போதும்.

பலகை அடிப்பாகம் உள்ள டிராயருக்கு, வலைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும் ரப்பர் விரிப்பை அடி அளவுக்குச் சரியாக வெட்டிப் போடுங்கள். செய்தித்தாள் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தை இழுத்துக்கொண்டு நமத்துப்போகும், கரப்பானும் குடிவந்துவிடும். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துப் போடலாம், வாரம் ஒருமுறை துவைத்துக் காயவைக்க முடிந்தால். கரண்டிகளுக்கு நீளவாக்கில் தடுப்பு வைத்து, ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய நிறைந்திருக்கும்படி பிரியுங்கள். பாதி காலியாக இருக்கும் பகுதிதான் அதிகம் ஆடும்.

கம்பிக்கூடை விஷயம் வேறு. தட்டுக்கூடையில் விரிப்புப் போட்டால் தண்ணீர் வடியாது. அதற்கு ஒரு நல்ல வழி, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் டியூப். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். கூடைக் கம்பியின் கனத்துக்கு ஏற்ற உள்விட்டத்தில் வாங்கி, பிளேடால் நீளவாக்கில் ஒரே கீறலாகக் கீறி, பாத்திரம் தொடும் கம்பிகளில் மட்டும் மாட்டிவிடுங்கள். கீறல் கீழ்ப்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் அதற்குள் அழுக்குச் சேரும். தட்டு இப்போது கம்பியில் படாது, தண்ணீரும் வழக்கம்போல் வடியும். டியூப் மஞ்சளாகி விறைத்துப் போனால் உருவிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டலாம்.

அடிப்பலகை மெலிதாக, நாலு மில்லிமீட்டர் பிளைவுட்டாக இருந்தால் டிராயரே மத்தளமாகிவிடும். எதை வைத்தாலும் டொம்மென்று அதிரும். அடிப்பக்கத்தில், வெளியிலிருந்து, குறுக்காக ஒரு மெல்லிய ரீப்பரை ஃபெவிகால் வைத்து ஒட்டினால் அடங்கும்.

சேனல்

கடலூரில் நாம் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். வழக்கமாகப் போடுகிற டெலஸ்கோபிக் சேனலில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று இரும்புப் பட்டைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே, ஒரு கூட்டுக்குள் வரிசையாகக் கோத்த சிறு குண்டுகள் உருளும். பட்டையின்மேல் துத்தநாகப் பூச்சு உண்டு, ஆனால் மெலிசு. தேவனாம்பட்டினத்திலோ முதுநகரிலோ கடற்காற்று நேராக அடிக்கிற வீட்டில் அந்தப் பூச்சு அதிக நாள் தாங்காது. காற்றோடு வரும் நுண்ணிய உப்பு, அடுப்பிலிருந்து கிளம்பும் எண்ணெய்ப் புகையில் ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சாதாரண உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். ஆக, நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாவிட்டாலும் சேனல் நனைந்துதான் இருக்கும்.

சிதம்பரம் கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருப்பதால் உப்பின் தொல்லை குறைவு. அங்கே சேனலைக் கெடுப்பது பெரும்பாலும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும், ஈரம் சொட்டச் சொட்ட அடுக்கிய பாத்திரமும்தான். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் போய்விட்டால் மறுபடி கடலூர்க் கணக்கு.

சுத்தம் செய்வது இப்படி. டிராயரை முழுக்க இழுங்கள். இரண்டு பக்கச் சேனலிலும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு சிறு நாக்கு தெரியும். பெரும்பாலான சேனல்களில் ஒரு பக்கத்து நாக்கை மேலேயும் மறுபக்கத்து நாக்கைக் கீழேயும் ஒரே நேரத்தில் அழுத்தவேண்டும். அழுத்தியபடி நேராக இழுத்தால் டிராயர் தனியாகக் கையோடு வந்துவிடும். வராவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள், நாக்கு முறிந்தால் சேனலே போயிற்று. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். குண்டுகளைச் சுற்றித் தேன் நிறத்தில் இறுகிய பிசுக்கு, அதில் ஒட்டிய மாவு, கடுகு, கரப்பான் எச்சம் எல்லாம் தெரியும். செங்கல் நிறத்தில் பொடி தெரிந்தால் அது துரு.

வெந்நீரில் பாத்திரம் தேய்க்கிற திரவத்தைக் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பிசுக்கு அசையாவிட்டால் துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். அப்போது அடுப்பு அணைந்திருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், பைலட் விளக்கோ ஊதுபத்தியோ பக்கத்தில் வேண்டாம். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் இருமுறை. ஃபேன் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தின்மேல் கிரீஸ் போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாக ஆகும்.

எதைப் போடுவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு தப்பு நடக்கிறது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் முதல் இரண்டு நாள் பிரமாதமாக வேலை செய்யும். பிறகு காற்றுப் பட்டுப் பிசினாகி, முன்னைவிட மோசமாக இழுக்கும். தையல் மிஷின் எண்ணெய் தேவலாம், ஆனால் சீக்கிரம் வடிந்துவிடும், தூசையும் பிடிக்கும். நீல டப்பாவில் வரும் டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்டவும் இறுகிய துருவை இளக்கவும் நல்லது. அதோடு நிறுத்திவிடாதீர்கள், அது இருந்த கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும், அந்த இடத்தை நிரப்பாது. நீடிப்பது வெள்ளை லித்தியம் கிரீஸ். ஒரு குச்சி நுனியில் தொட்டு, குண்டு உருளும் தடத்தில் மெல்லிய கோடாக இழுத்தால் போதும். அப்பி வைத்தால் அடுத்த மாதம் மாவோடு சேர்ந்து களியாகும். கிரீஸ் பிடிக்காதவர்கள் சிலிகான் ஸ்பிரே அடிக்கலாம்.

திரும்ப மாட்டும்போது குண்டுக் கூடு இரண்டையும் முன்பக்கம் முழுக்க இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிராயரின் இரு பட்டைகளும் ஒரே நேரத்தில் நேராக நுழையவேண்டும். ஒரு பக்கம் மட்டும் நுழைந்து கூடு வளைந்தால் குண்டுகள் உதிர்ந்துவிடும். பொறுக்கி மாட்ட முடியும் என்று சிலர் முயல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குண்டு உதிர்ந்த சேனலையும், தேய்த்த பிறகும் தடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி தெரியும் சேனலையும் மாற்றிவிடுவதுதான் சரி. ஜோடி சில நூறு ரூபாயில் கிடைக்கும். கடலூரில் லாரன்ஸ் ரோட்டுப் பக்கமும் சிதம்பரத்தில் தேர் வீதிகளைச் சுற்றியும் தேடினால் போதும், புதுச்சேரிவரை போக வேண்டியதில்லை. பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். நீளம் அங்குலத்தில் சொல்வார்கள்: 12, 14, 16, 18, 20 என்று. நீளத்தைவிட முக்கியம் கனம். பரவலாக விற்பது ஒரு பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம் இடம் கேட்கும். அதைவிடக் கனமானதை மாட்டினால் டிராயர் இறுகும். மெலிதானதை மாட்டினால் ஆடும். இரண்டிலும் புதுச் சத்தம் உறுதி.

கடற்காற்று வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்து எவர்சில்வர் சேனல் வாங்குவது வீண் செலவு ஆகாது. 304 தரம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தம் வைத்துப் பார்க்கும் சோதனையை இங்கே நம்ப முடியாது. மட்டமான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாமல் இருக்கும். குண்டுகளும் எவர்சில்வரா என்று தனியாகக் கேளுங்கள். மாட்ட வரும் ஆசாரியிடம், ‘அண்ணே, திருகும் எவர்சில்வர்லயே போடுங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல சேனலை மட்டமான திருகில் மாட்டினால் முதலில் துருப்பிடித்துத் தளர்வது திருகுதான்.

எப்போது சுத்தம் செய்வது? இதற்குத் தனியாக நாள் குறிக்க வேண்டாம், நம் காலண்டரே குறித்து வைத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் ஆயுத பூஜை வருகிறது. மழை ஓய்ந்ததும் போகி. ஆயுத பூஜைக்கு மிக்ஸியையும் தையல் மிஷினையும் துடைத்துப் பொட்டு வைக்கும்போது சேனலுக்கும் கிரீஸ் வைத்துவிட்டால் மழைக்கால ஈரம் இரும்பைத் தொடாது. போகியில் வீட்டை ஒழிக்கும்போது, ஊறிப்போனதைக் கழற்றித் துடைத்துவிடலாம். கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் மட்டும் கோடையில் இன்னொரு முறை சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடப்பா கல்லில் மாட்டிய கூடை

மாடுலர் கிச்சன் என்ற பெயர் பரவுவதற்கு முன் கட்டிய வீடுகளில் மேடைக்குக் கீழே கடப்பா கல்லைச் செங்குத்தாக நிறுத்தித் தடுத்திருப்பார்கள். பிற்காலத்தில் அந்தத் தடுப்புகளுக்கு நடுவே எவர்சில்வர் கூடைகளை மாட்டியிருப்பார்கள். இங்கே வரும் சத்தத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, கல் இணையாக நிற்காது. முன்பக்கம் அளந்தால் ஒரு அகலம், பின்பக்கம் அளந்தால் கால் அங்குலம் குறைவு. கூடை உள்ளே போகப்போக இறுகிக் கிறீச்சிடும். அகலம் கூடுதலாக உள்ள பக்கத்தில் சேனலுக்கும் கல்லுக்கும் நடுவே ஸ்டீல் வாஷர் கொடுத்து இணையாக்க வேண்டும். கல்லைச் செதுக்கக் கூடாது. செதுக்கினால் பொறுக்கு விட்டுப் பெயரும்.

இன்னொன்று, கல்லில் துளையிட்டுச் சொருகிய பிளாஸ்டிக் பிளக் நாளடைவில் ஆட ஆரம்பிக்கும். திருகை இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். பிளக்கை உருவிவிட்டு, துளையைத் துடைத்து, எம்-சீல் அடைத்து, ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு மறுபடி துளையிடுங்கள். மரத்தில் தளர்ந்த துளைக்கு இவ்வளவு பாடு இல்லை: ஃபெவிகாலில் தோய்த்த இரண்டு தீக்குச்சிகளைச் சொருகி, காய்ந்ததும் நுனியை நறுக்கித் திருகை ஏற்றினால் பிடிக்கும். பார்ட்டிகிள் போர்டில் அதுவும் நிற்காது. துளையை ஓர் அங்குலம் தள்ளிப் புதிதாகப் போடுவதே வழி.

மழையில் இறுகும் மரம்

தேர் வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் சேனலே இல்லாத மர மேசை டிராயர்கள் இன்னும் புழக்கத்தில் உண்டு. ஐப்பசி பிறந்தால் இவை உப்பிக்கொண்டு, இழுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். எங்கே உரசுகிறது என்று தெரிய, டிராயரின் ஓரங்களில் சாக்பீஸ் பூசி ஒருமுறை மூடித் திறங்கள். சாக்பீஸ் இல்லையா, சிதம்பரத்தில் விபூதிக்கா பஞ்சம்? எங்கே வெள்ளை அழிந்திருக்கிறதோ அங்கே உரசல். அந்த இடத்தில் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேயுங்கள். சோப்பு தேய்க்கும் பழக்கம் உண்டு. அது ஈரத்தை இழுக்கும் என்பதால் இந்த ஊருக்கு ஒத்துவராது.

இழைப்புளியை மட்டும் மழைக்காலத்தில் எடுக்காதீர்கள். ஐப்பசியில் சீவிய டிராயர் பங்குனியில் லொடலொடவென்று ஆடும். இறுக்கம் சித்திரை வெயிலிலும் இருந்தால்தான் சீவவேண்டும்.

டமார்

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் உறவுக்காரர்கள் வந்து கூடம் நிறையப் படுத்திருப்பார்கள். சமையலறையில் விடியுமுன்பே களிக்கு அரிசி வறுபடும். அந்த நேரத்தில் ஒரு டிராயர் டமாரென்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரையை இரவு என்று வைத்து, குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்கின்றன. அது தெருவுக்கான அளவு, டிராயரை யாரும் அளக்க வரமாட்டார்கள். ஆனால் ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் தெருக்களில் கப்போர்டு சுவரை ஒட்டி நின்றால் மோதல் சுவர் வழியே அடுத்த வீட்டுக்கும் போகும். புதிதாகக் கப்போர்டு வைப்பவர்கள் சுவருக்கும் அதற்கும் நடுவே ரப்பர் பட்டை கொடுக்கச் சொல்லுங்கள்.

மலிவான தீர்வு, பட்டன் அளவில் வரும் சிலிகான் பம்பர். முகப்புப் பலகை வந்து மோதும் விளிம்பில், இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் முகப்பு கோணும். ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடையுங்கள். தாளிக்கிற வீட்டில் இதைச் செய்யாமல் ஒட்டிய பம்பர் வாரத்துக்குள் விழுந்துவிடும். அண்ணாமலை நகரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதுதான் வழி. துளை போட்டு வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்க வேண்டாம்.

இனி சாஃப்ட் குளோஸ். ஆஸ்திரியாவில் 1952-ல் குதிரை லாடத்துக்கான ஆணி செய்யத் தொடங்கிய புளூம் என்ற நிறுவனம், 2001-ல் தன் டிராயர்களுக்குச் சத்தமில்லாமல் மூடும் அமைப்பைக் கொண்டுவந்தது. இன்று எல்லா விலையிலும் இவ்வகைச் சேனல்கள் கிடைக்கின்றன. வேலை செய்யும் விதம் எளிது. மூடுவதற்குக் கடைசி இரண்டு அங்குலம் இருக்கும்போது ஒரு கொக்கி டிராயரைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் உள்ளே இழுக்கும், டேம்பர் வேகத்தைத் தணிக்கும். வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால் பங்குதான், அதனால்தான் சத்தம் அவ்வளவு தூரம் அடங்குகிறது.

ஆனால் அந்த ஸ்பிரிங்குக்குப் பலம் கொஞ்சம்தான். அழுக்கேறிய, கோணலாக மாட்டிய சேனலில் அதனால் டிராயரை இழுக்க முடியாது, ஓர் அங்குலம் திறந்தபடியே நின்றுவிடும். வீட்டில் எல்லோரும் அதை இடுப்பால் இடித்துத் தள்ளுவார்கள், டேம்பர் சீக்கிரம் உயிரை விடும். அதனால்தான் சுத்தமும் நேர்ப்படுத்துவதும் முதலில் என்றேன். கிரைண்டர் கல்லும் இட்லிக் குண்டானும் வைக்கிற கீழ் டிராயருக்கு, தாங்கும் எடை எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். 45 கிலோ என்று போட்டிருந்தால் அது எடை சீராகப் பரவியிருக்கும்போது ஜோடி தாங்குவது. புதிதாக மாட்டியது திடீரென்று பாதியில் நின்று வழுக்கினால் கொக்கி தவறியிருக்கலாம். டிராயரை முழுக்க இழுத்து, ஒரே தள்ளாக அழுத்தி மூடினால் பெரும்பாலும் ‘டிக்’கென்று மறுபடி பிடித்துக்கொள்ளும்.

வெள்ளம் புகுந்தால்

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகி, கடலூரில் ஆற்றோரக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. கெடிலமும் தென்பெண்ணையும் ஓடும் ஊரில் இதையும் சேர்க்காமல் இந்த அத்தியாயம் முடியாது. வெள்ளத்தில் மூழ்கிய சேனலைக் காயட்டும் என்று விட்டால் வண்டல் உள்ளேயே இறுகி, பிறகு எதற்கும் அசையாது. சேறு ஈரமாக இருக்கும்போதே கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, டபிள்யூ.டி.-40 அடித்து, உலர்ந்ததும் கிரீஸ் வையுங்கள். பிளைவுட் பெட்டியை நிழலில் நிறுத்திக் காயவையுங்கள்; சுள்ளென்ற வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் ஓரளவு தப்பும்.

பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை உப்பினால் திரும்பாது. அதைச் சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். தூக்கிப் போடுவதற்கு முன் நீளம், அகலம், உயரம், சேனல் அளவு நான்கையும் கப்போர்டின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள், புதுப் பெட்டி செய்ய வரும் ஆசாரி உப்பிய பலகையை அளந்து கணக்குப் போடாமல் இருக்க.